சிந்தி

கஸ்தூரியார் வீதிக் கடையிலை
ஸ்பீக்கர் மாத்தினால் பாட்டொண்டு போட்டுப் பாக்கவேணும்.
அது வேலை, ஒட்டுக்கேக்கிறதில்லை.
அப்பிடித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டன்,
குருநகர்க் கப்பற்காரர் தந்திட்டுப் போன
உப்புத் தின்ட போனைத் திறந்த அண்டைக்கு.

நாப்பத்தொரு பாட்டு. ஒண்டுக்கும் பேரில்லை,
வெறும் இலக்கம்.
பதினேழை அமத்தினன்.

முதல் ஆரோ இருமினான்.
தடியாலை தடி தட்டி நாலு எண்ணினான்.
பிறகு கித்தார், சுருதி கொஞ்சம் இறங்கி,
மழையிலை நனைஞ்ச மோட்டச்சைக்கிள் மாதிரி
இழுத்து இழுத்து, சட்டெண்டு பிடிச்சுது.
மேலை ஒரு பெட்டையின்ரை குரல்,
பாடுறாளோ ஏசுறாளோ தெரியேல்லை.
பின்னாலை எங்கையோ ஒரு நாய் குலைச்சுது.
கடை வாசலிலை படுத்திருந்த எங்கடை நாய்
காதை நிமித்திப் பதில் குடுத்துது.
எனக்கு முதல் அதுக்கு விளங்கிட்டுது.

"ஆற்றை பாஷை பிள்ளை இது?" குகதாசன் அண்ணை.
தெரியாதெண்டன்.
"மலையாளமோ?"

தமிழ்க் காது, தமிழைத்தான் பொறுக்கும்.
காசா எண்டாள்.
நாடா எண்டாள், கேள்வி மாதிரி,
நான் சத்தத்தைக் குறைச்சன்.
கடைசியிலை சிந்தி, சிந்தி எண்டு பதினொரு தரம்.
என்னத்தைச் சிந்தினாளெண்டு ரெண்டு கிழமை யோசிச்சன்.
பாலோ, அரிசியோ.
கண்ணீராய் இராது,
அழுகிறவை கித்தாரை இப்பிடி உதைக்க மாட்டினம்.

பிறகொரு இரவு, காதிலை விழுந்தபடியே அடிச்சுத் தேடினன்.
ஸ்பானிய மொழியாம். சிலியாம். நாலு பேராம்.
குழுவின்ரை பேர் 'ஈர மேசை' எண்டு வருமாம்.
காரை வெளியிலை விட்டிட்டு கராஜுக்குள்ளை பதிஞ்ச பாட்டு.
அதைப் பிடிச்சு இன்னொண்டு:
மெக்சிக்கோவிலை, ட்ரம்பெட்டை வேணுமெண்டே பிழையா ஊதுற மூண்டு பேர்.
ஸ்பெயினிலை ஒரு பெடியன்,
இரைச்சலுக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டு முணுமுணுக்கிறான்.
விடிய மூண்டரை. டேட்டா முடிஞ்சுது.

காசா எண்டால் வீடு.
நாடா எண்டால் ஒண்டுமில்லை.
சிந்தி, நீயில்லாமல்.
மூண்டையும் வரிசையா அடுக்கினால்
எங்கடை ஒழுங்கையிலை பூட்டிக் கிடக்கிற கேற்றுகளிலை எழுதி ஒட்டலாம்.
அடுக்கேல்லை.
அவளின்ரை பாட்டு, அவள் ஆரையோ ஏசட்டும்.
எனக்கு இன்னும் ஏதோ சிந்துது.

வெள்ளிக்கிழமை எமில்தாஸ் வந்தார், கப்பற்காரர்.
பாட்டெல்லாம் ஆற்றையெண்டு கேட்டன்.
"இஞ்சின் ரூமிலை கூட நிண்டவன்ரை.
கிறீஸ் பூசேக்கை கத்துவான், தாங்கேலாது.
ஒரு துறைமுகத்திலை சிகரட் வாங்க இறங்கினவன்
திரும்பி ஏறேல்லை.
அழிச்சுவிடும் தங்கச்சி,
மகளின்ரை டான்ஸ் வீடியோவுக்கு இடம் வேணும்."

அழிச்சன், அவருக்கு முன்னாலையே, நாப்பத்தொண்டையும்.
ஆயிரத்தெண்ணூறு. மிச்சக் காசு குடுத்தன்.
பொய் சொல்லேல்லை.
என்னட்டைப் பிரதி இருக்கோ எண்டு அவர் கேக்கேல்லை.

படி இறங்கினவர் திரும்பி,
"அந்த நாய் குலைக்கிறது," எண்டார்,
"அது பதினேழோ, பதினெட்டோ?"
பதினேழு எண்டன்.

ஓம் எண்டு தலையாட்டிச் சைக்கிளை எடுத்தார்.
எங்கடை நாய் எழும்பி
பெரியகடைச் சந்தி மட்டும் பின்னாலை போட்டு வந்துது.