வியர்வை காயும் வரை

உறைந்த லேனா ஆற்றின் மேல்
ஒன்பது மணி நேரம் வண்டியில் வந்த பெட்டியை
கெஸ்கில் கிளப் வாசலில் இறக்கினான்.
வெளியே மைனஸ் நாற்பத்து மூன்று.
அட்டை தகரம்போல் சத்தமிட்டது.
விரல் பட்டதும் டேப் நொறுங்கியது.

உள்ளே அடுப்பு.
நான் ஓடிவருவதற்குள் துயாரா பெட்டியைப் பிரித்துவிட்டாள்.
பிரித்த கணமே
அறுபத்தோரு கட்டைகளும் வேர்த்தன,
கறுப்பில் முத்து முத்தாக,
வெள்ளையில் மூச்சுவிட்ட கண்ணாடியாக.

"பிளக் எங்கே?" என்றாள்.
அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.
மூன்று மணி நேரம், என்றேன்.
யாரும் தொடக்கூடாது.

போன குளிர்காலத்துக் கீபோர்டைக் கொன்றது நான்தான்.
இதே வாசல், இதே அவசரம்.
சுவிட்சைப் போட்டேன்.
சின்னதாய் ஒரு 'டிக்',
பிறகு தீய்ந்த வெங்காய வாசனை.
கல்யாணக் கூட்டம் அன்று
கைதட்டலுக்கே ஆடித் தீர்த்தது.
மணப்பெண் மன்னித்துவிட்டாள்,
கிளப்பின் கணக்கு நோட்டு மன்னிக்கவில்லை.
பதினோரு மாதம் என் சம்பளத்தைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தது.

இன்று பழைய காலண்டரின் புத்தாண்டு.
ஏழு மணிக்கே ஊர் வந்துவிட்டது,
கம்பளிக் கோட்டுகள் சுவரெல்லாம் கரடிகளாய்த் தொங்க.

"அடுப்போரம் வையேன், சீக்கிரம் காயும்"
என்றாள் தபால் ஆபீஸ் எஃப்ரோசினியா.
கட்டை வளைந்துவிடும், என்றேன்.
"அப்போ ஊதிவிடட்டுமா?"
உன் மூச்சிலும் தண்ணீர்தானே இருக்கிறது, என்றேன்.

சும்மா உட்கார முடியவில்லை.
கையேட்டைப் பிரித்து, எறும்பு எழுத்தில் மூக்கை நுழைத்தேன்.
செத்துப்போனதன் அடாப்டர் அலமாரியில் இருந்தது.
அதே பன்னிரண்டு வோல்ட், அதே தடிமன்,
கச்சிதமாய் நுழையும்.
ஆனால் அடியில் உள்ள பொடிப் படத்தில்
கூட்டலும் கழித்தலும் இடம் மாறியிருந்தன.
எடுத்துப் போய்விடு என்று கெஸ்கிலிடம் நீட்டினேன்.
"எங்கே போட?"
என் கண்ணில் படாத இடத்தில்.

ஸ்டாண்டின் குறுக்குக் கால்களை விரித்து
திருகை இறுக்கினோம்.
நம்பிக்கை வரவில்லை.
சமையலறையிலிருந்து ஒரு மூட்டை கோதுமை மாவைக் கொண்டுவந்து
மேலே படுக்கவைத்தோம்.
ஆடவில்லை.
வயரைச் சுவரோரமாய் இழுத்து அடிக்கு ஒரு டேப் ஒட்டினோம்,
ஆடுகிற கால் தரையைப் பார்க்காது.
சமோவர் குடிக்கிற பிளக்கில் இதற்குப் பங்கு வேண்டாம் என்று
மேடைக்குப் பின்னால் தனி பிளக்.

எட்டரை.
யாரோ டீக் கிண்ணத்தைக் கீபோர்டின் தலையில் வைக்கப் போக
கூட்டம் முழுக்க ஒரே குரலில் கத்தியது.
காவலுக்கு நான் ஒருத்தி போதாதா
என்று தோன்றியபோது சிரிப்பு வந்தது.

அப்போதுதான் துயாரா
மாவு மூட்டையின் முன் போய் நின்றாள்.
பத்து விரலையும் வைத்து வாசித்தாள்.
சத்தமே இல்லை.
மாவு மட்டும் தூசியாய் எழுந்தது.
இடது கை தாளத்தில் குழி விழ,
வலது கை ஓடிப்போய்த் திரும்பி வந்தது.
எஃப்ரோசினியாவின் தோள் அசைந்தது.
கெஸ்கில் பூட்ஸைத் தட்டினான்.
பிறகு யார் முதலில் எழுந்தார் என்று எனக்குத் தெரியாது,
அறை முழுக்க ஆடிக்கொண்டிருந்தது,
மூட்டைக்கு.

பத்து மணி.
கட்டைகளுக்கு நடுவே விரல் நுனியை வைத்துப் பார்த்தேன்.
உலர்ந்திருந்தது.
மூட்டையை இறக்கி, கீபோர்டை ஏற்றி,
அடாப்டரை முதலில் அதில், பிறகு சுவரில்.
சத்தக் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருகிவிட்டு
சுவிட்சைப் போட்டேன்.
பச்சை விளக்கு வந்தது.

துயாரா அழுத்தினாள்.
ஒன்றுமில்லை.
மறுபடி அழுத்தினாள்.
ஒன்றுமில்லை.
ஊரே என்னைப் பார்க்க
நான் வெங்காய வாசனையைத் தேடி மோந்துகொண்டிருந்தேன்.

பூஜ்யம்.
நானே வைத்த பூஜ்யம்.

குமிழைத் திருகினேன்.
வந்தது.

ஜன்னல் கண்ணாடியின் உறைபனி அதிர்கிற அளவுக்கு அவள் வாசிக்க
கறுப்புக் கட்டைகளில் வெள்ளை வெள்ளையாய் விரல் தடம்.
உலர்ந்த துணியால் துடைக்கவும்,
ஸ்பிரிட் கூடாது, ஈரம் கூடாது
என்றெல்லாம் சொல்கிற கையேட்டில்
மாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.