பென்சில் குறி

ஸ்ட்ரோம்னெஸ்ஸில் மூன்றரைக்கே இருட்டு.
காற்று; இன்று படகும் இல்லை.
ரோனா நூலகப் புத்தகத்துக்குள் போய்விட்டாள்:
ஓதமேறிய சுவர், பூட்டிய மேல்மாடி,
ஞானஸ்நானப் பதிவேட்டில்
யாரோ சுரண்டி அழித்த பிள்ளைப் பெயர்.
பயம் பிடரியில் ஏற ஏற
பிஸ்கட் டப்பா காலியாகிறது.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து ஓரம்,
பென்சிலில்:
'சித்தப்பாதான். பக்கம் 7 பார்.'
படுபாவி!

அப்புறம்தான் கண்ணில் பட்டது,
இடுப்பில் கோடு கட்டிய அந்த ஏழு.
மீன் கணக்கிலும் மின்கட்டண ரசீதிலும்
பதினெட்டு வருடமாய்ப் பார்க்கிற ஏழு.

"கதைப் புத்தகமா? நமக்கு ஆகாது" என்கிற தோர்ஃபின்
அடுத்த அறையில் நண்டுக்கூடு பின்னுகிறான்.

கேட்கவில்லை.
கடைசிப் பக்கம்வரை ஓடினாள்.
சித்தப்பா இல்லை!

சிரிப்பு வெளியே கேட்காமல்
ஆறிய தேநீரை விழுங்கிவிட்டு
அவன் விடைக்குப் பக்கத்தில்
பெரிதாய் ஒரு பெருக்கல் குறி.