விளிம்பு தெரியாத நிரல்

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி.
ரோஷ்னோவ் தொழிற்பள்ளியின் இரண்டாம் மாடியில்
பதினோரு மடிக்கணினிகள் விழித்துக்கொள்ளும்.
பன்னிரண்டாவதில் விசிறி மட்டும் இரையும், திரை வராது.

நிரல் இலவசம்.
யாரோ ஒருவர் விடுமுறையில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.
ஐந்தே பெட்டிகள்: நீளம், இந்தப் பக்க மாசு,
அந்தப் பக்க மாசு, வெப்பம், வோல்ட்.
சிலிக்கானை அது ஒரு கோடாகத்தான் அறியும்.
இடம் உண்டு, வலம் உண்டு.
மேலும் இல்லை, கீழும் இல்லை.

ஆலையில் பகல் ஷிப்ட் முடித்து வருகிறார்கள் என் மாணவர்கள்,
மூக்கின் மேல் முகமூடியின் தழும்போடு.
பதினேழு என்று அடுக்கெண் போட வேண்டிய இடத்தில்
ராடோவான் ஏழு என்று போட்டான்.
டையோடு செத்துவிட்டது.
வளைய வேண்டிய கோடு
அளவுகோல் வைத்து இழுத்தாற்போல் நிமிர்ந்து போனது.
"ஒரு விரல் தவறியதற்கு
ஆயிரம் கோடி மடங்கு ஏழையாக்கிவிட்டாய்" என்றேன்.
சிரித்தான். அடுத்த வாரமும் அதையே செய்தான்.

ஒரே தாவலில் ஐந்நூறு வோல்ட் கேட்டால்
நிரல் முரண்டு பிடிக்கும்.
இருநூறு முறை சுற்றிவிட்டு
'ஒருங்கவில்லை' என்று சிவப்பில் எழுதும்.
அரை வோல்ட் அரை வோல்ட்டாய்க் கூட்ட வேண்டும்,
தளும்பும் சூப்புக் கிண்ணத்தோடு
படியேறுகிறவனைப் போல.
அப்போது நடுவில் மெல்ல அகலும்
அந்த வறண்ட நிலம்:
எலக்ட்ரானும் இல்லை, துளையும் இல்லை,
புலம் மட்டும்.

ஐந்நூற்று அறுபதில் உடையும் என்றது நிரல்.
எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.
லுத்மிலா எழுதவில்லை.
அவள் அளவுக்கூடத்தில் வேலை செய்கிறவள்,
ஒரு நாளைக்கு எண்ணூறு சில்லுகளை ஊசியால் தொடுகிறவள்.
"இதே மாசு, இதே ஆழம்.
என் மேசையில் நூற்றுத் தொண்ணூறிலேயே உடைகிறது.
உங்கள் நிரலுக்குப் பொய் சொல்லத் தெரியும்."

நான் பெட்டி பெட்டியாகச் சரிபார்த்தேன்.
வெப்பத்தை ஏற்றினேன், இறக்கினேன்.
ஐந்நூற்று அறுபது, ஐந்நூற்று ஐம்பத்தெட்டு, ஐந்நூற்று அறுபது.
அன்றிரவு பெச்வா ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போதும்
கையுறைக்குள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

வியாழனன்று அவளே கூப்பிட்டாள்.
மூடாத சில்லு ஒன்று, நுண்ணோக்கியின் கீழ்.
மின்னோட்டம் பாய்ந்துவிடாதபடி தொடரில் பெரிய மின்தடை.
"விளக்கை அணை" என்றாள்.
ராடோவான் அணைத்தான்.
கண் பழக நேரம் பிடித்தது.
நூற்று எண்பது. ஒன்றுமில்லை.
நூற்று எண்பத்தாறு. ராடோவானின் மூச்சு என் காதில்.
நூற்றுத் தொண்ணூறு.

நான்கு புள்ளிகள்.
மங்கிய மஞ்சள்,
சதுரத்தின் நான்கு மூலைகளிலும்,
நான்கே நான்கு.

யாரும் பேசவில்லை.
பிறகு லுத்மிலா, நுண்ணோக்கியிலிருந்து கண்ணெடுக்காமல்:
"மூலை என்று ஒன்று இருப்பதே
பாவம், அதற்குத் தெரியாது."

உண்மைதான். நிரலின் டையோடுக்கு ஓரமே கிடையாது.
வானம் முடியும் இடம்வரை பரந்த தகடு அது.
அங்கே உடையும், ஐந்நூற்று அறுபதில், சொன்னபடியே.
நாம் வெட்டுகிறவர்கள்.
வெட்டிய இடத்தில்தான் புலம் நெருக்கியடித்து நிற்கிறது,
ஒற்றைக் கதவில் முண்டும் கூட்டம்போல.

அவள் மூலைகளை உருட்டினாள்.
சதுரத்தைச் சுற்றி மூன்று வளையம் வரைந்தாள்,
தொடாமல், ஒன்றுக்குள் ஒன்றாக.
முகமூடித் தகடு வர ஏழு வாரம் ஆனது.
நானூற்று முப்பது.

வகுப்பில் அதே நிரலைத்தான் இன்னும் திறக்கிறேன்.
ஐந்து பெட்டிகளுக்குக் கீழே, திரையிலேயே,
ராடோவான் ஒரு காகிதத் துண்டை ஒட்டியிருக்கிறான்.
நான்கு புள்ளிகள். வேறொன்றும் எழுதவில்லை.
புதிதாய் வருகிறவர்கள் அழுக்கு என்று நினைத்துத் துடைக்கிறார்கள்.

மீதி நூற்று முப்பது வோல்ட்
எங்கே போகிறதென்று
லுத்மிலா சில இரவுகளில் விளக்கை அணைத்துப் பார்க்கிறாள்.