நூற்றுப் பதினான்கு சதவீதம்

நான்காம் சோதனை: ஆஸ்பிரின்.
கையேட்டின் ஓரத்தில் பழைய மாணவன் எவனோ
பென்சிலால் எழுதியிருந்தான்:
அவசரப்படாதே, தானாக உறையும்.

அவசரப்பட்டோம்.
வியாழக்கிழமை மூன்று மணிக்கு வகுப்பு,
ஐந்தரைக்குப் பீடோங் பஸ், அதை விட்டால் நடை.
இடையில் எத்தனை கிராம் நடக்குமோ
அத்தனைதான் எங்கள் கரிம வேதியியல்.

சாலிசிலிக் ஆசிட் இரண்டு கிராம்.
அசெட்டிக் அன்ஹைட்ரைட் ஐந்து மில்லி,
திறந்ததும் காடிக்கு மூத்த அண்ணன்போல்
மூக்கில் ஏறி உட்கார்ந்தது.
கந்தக அமிலம் ஐந்து சொட்டு.
ஐந்தா ஆறா என்பதில்
நானும் நூருல் ஐனும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

கையுறைப் பெட்டியின் அடியில் தொகுதி எண்.
அம்மா இரவு ஷிப்டில் காற்றடைத்து
ஓட்டை பார்க்கும் அதே கம்பெனி.
எனக்கு வந்தது பெருவிரலில் கிழிந்திருந்தது.
வீட்டில் சொல்லவில்லை.

வெந்நீரில் பதினைந்து நிமிடம்,
பிறகு ஐஸ்.
ஒன்றும் வரவில்லை.
குடுவை, தேர்வு மண்டபத்தில்
பெயர் மறந்தவள் முகம்போல் தெளிவாக இருந்தது.

சுரண்டு, என்றார் எஞ்சிக் ருஸ்லி
தலை நிமிராமல், வேறு யாருடைய உடைந்த பியூரெட்டுக்கோ
ரசீது எழுதிக்கொண்டே.
கண்ணாடிக் குச்சியால் உட்சுவரைச் சுரண்டினேன்.
பல் கூசியது.
மரத்தைக் கீறினால் வடியும்,
கண்ணாடியைக் கீறினால் உறைகிறது.
கீறிய இடத்தைப் பிடித்துக்கொண்டு
ஒரு ஊசி, அதன்மேல் ஒரு ஊசி,
பிறகு எண்ண முடியவில்லை.
நூருல் ஐன் என் முழங்கையைக் கிள்ளினாள்.

வடிகட்டி, தட்டிக் கொட்டி, எடை போட்டோம்.
கோட்பாட்டின்படி 2.61.
தராசு சொன்னது 2.98.
நூற்றுப் பதினான்கு சதவீதம்!
பிறந்ததிலிருந்து எந்தப் பாடத்திலும்
நூறைத் தாண்டியதில்லை நான்.

பக்கத்து மேசை குகேந்திரன் எட்டிப் பார்த்தான்.
"ரெண்டு புள்ளி ரெண்டுன்னு போடு லா,
எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

அவனுக்குத் தெரியாது, எனக்கு அந்த எடையைத் தெரியும்.
சனிக்கிழமை இரவு அப்பா
கட்டிப்பாலை வாளித் தண்ணீரில் ஊறவைப்பார்.
ஞாயிறு காலை ரப்பர் கடைத் தவுக்கே
கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கி,
வழிவதைப் பார்த்து,
பேசாமல் விலையில் கழிப்பார்.
தண்ணீரை விற்க முடியாது என்று
இருவருக்கும் தெரியும்.
ஒரு வாரம்கூட அப்பா விட்டதில்லை.

மூன்று நாள் உலர்த்தும் பேழையில் கிடந்து
ஞாயிற்றுக்கிழமை பொடி லேசாகியிருந்தது.
1.94. எழுபத்து நான்கு சதவீதம்.
ஃபெரிக் குளோரைடில் ஒரு சிட்டிகை போட்டதும்
கத்தரிப்பூ நிறம் லேசாகக் காட்டிக்கொடுத்தது,
மாறாமல் மிஞ்சிய பழைய அமிலத்தை.
உருகுநிலை நூற்று இருபத்தேழில் தொடங்கி
நூற்று முப்பத்தொன்றுவரை இழுத்துக்கொண்டு போனது.
நூல் சொல்வது நூற்று முப்பத்தைந்து.

குறிப்பேட்டில் அழிக்கக் கூடாது, பேனா மட்டும்.
தப்பை ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும்,
அடியில் இருப்பது படிக்கும்படி.
2.98ஐ அடித்தேன். நன்றாகவே படிக்க முடிந்தது.
பிழைக்கான காரணம் என்ற இடத்தில்
நூருல் ஐன் மூன்று பத்தி எழுதினாள்.
நான், ஈரம் என்று எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை ராத்திரி
வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா கேட்டார்,
"எவ்ளோ வந்துச்சு?"
"எழுவத்தி நாலு."
"பாஸா?"
"பாஸ்தான்."

அப்பாவுக்கு மண்டையிடி.
"அந்த மருந்துல கொஞ்சம் கொண்டாந்திருக்கலாமே."
"அதைச் சாப்பிடக் கூடாதுப்பா."
"சாப்பிடக் கூடாத மருந்தை எதுக்கு செய்யச் சொல்றான்?"
கேட்டுக்கொண்டே கட்டிப்பாலை
வாளிக்குள் அமுக்கினார்.
தண்ணீர் விளிம்பு தாண்டி
வாசலில் கிடந்த என் சப்பாத்துவரை வந்தது.