இக்காட் தெப்பி

திங்கள், புதன், வெள்ளி.
பஹாவ், டயர்க் கடை மாடி,
நாலாம் நாற்காலி எனக்கு.
நூர்ஹஸ்லினா இரண்டு ஊசி குத்தியதும்
என் ரத்தம் வெளியூர் கிளம்பிவிடும்,
நான்கு மணி நேரம்.

மடியில் மகனுடைய பழைய அகராதி.
டயாலிசிஸ்: கிரேக்கம். டயா என்றால் ஊடாக,
லிசிஸ் என்றால் அவிழ்ப்பது.
எந்த முடிச்சை என்று போடவில்லை.

அதே அவிழ்ப்பு பாராலிசிஸிலும்.
பாரா, பக்கம்.
நாமும் பக்கவாதம் என்றோமே!
நமக்குக் காற்று, கிரேக்கனுக்கு முடிச்சு,
பக்கம் மட்டும் இருவருக்கும்.
அடுத்த நாற்காலி லிம்மிடம் சொல்லத் திரும்பினேன்,
குறட்டை.

வீட்டில் தணிகைவேலுக்கு வலப்பக்கம்.
முப்பது வருடம் செம்பனைக் குலை அறுத்த கை
கட்டிலில் கிடக்கும்,
யாரோ மறந்துபோன குடை மாதிரி.

திரும்பும் வழியில் அவருக்கு ஒரு தே ஓ,
பிளாஸ்டிக் பையில், இக்காட் தெப்பி:
வாயைப் பக்கவாட்டில் முடிந்து
குழல் செருகித் தருவான் மாமாக் கடைக்காரன்.

குழல்தான் இருக்கிறதே என்றால் கேட்கமாட்டார்.
இடக்கையில் பை, பல்லில் ரப்பர் பேண்ட்.
அவிழ்த்த பிறகுதான் குடிப்பார்,
சட்டையெல்லாம் நனைய.

எனக்கு இரண்டு மிடறுதான், நூர்ஹஸ்லினா கணக்கு.
சரியாக அவ்வளவு
மிச்சம் வைக்கிறார்.