இருபத்திரண்டு சென்டிமீட்டர்

தப்பான கடவுச்சொல் போட்டால்
தவறு என்று ஒரு வார்த்தையாவது சொல்கிறது.
சரியானதைப் போட்டால்
திரை ஒருமுறை கண்ணை மூடுகிறது.
திறந்ததும் அதே பெட்டி, அதே சிமிட்டும் கோடு,
யார் நீ என்கிற அதே முகம்.

பதினேழு முறை ஆயிற்று.
விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன்.
ரொட்டித்தூள் உதிர்ந்தது.

மணி ஐந்தே முக்கால். ஹெல்டெர்மா துறையில் என் தகரக் குடில்.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
எட்டு மணிக்குக் கடல்மேல் சாலையைத் திறக்க வேண்டும்.
திறக்கலாமா என்று சொல்கிற எண்கள்
இதற்குள்ளே இருக்கின்றன:
அக்கரைவரை ஐம்பத்திரண்டு துளைகள்,
துளைக்குத் துளை பனிக்கட்டியின் கனம்.
ஒன்றில் இருபத்திரண்டுக்குக் குறைந்தாலும்
சங்கிலியை அவிழ்க்கக் கூடாது.

சங்கிலிக்கு இந்தப் பக்கம் ரைவோவின் வேன்,
எஞ்சின் அணைக்காமல்.
உள்ளே நானூறு கோழிக்குஞ்சுகள்.
கதவு திறக்கும்போதெல்லாம் கேட்கிறது,
நானூறும் ஒரே கேள்வி கேட்பது.

அக்கரைக் குடிலில் ஹில்யா. தொலைபேசியில்,
"நேற்று மேம்படுத்தவா என்று கேட்டதா?"
கேட்டது.
"சரி என்றாயா?"
என்றேன்.
"அப்புறம்?"
சூப் ஆறுகிறதென்று மூடியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அவள் பேசவில்லை.
கம்பியில் காற்று மட்டும்.
"பாதியிலா?"

சாலை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை உண்டு.
எழுத்து என் கை, பெயின்ட் என் காசு.
இடுப்புப் பட்டையைக் கழற்று.
இருபத்தைந்துக்குக் கீழே போ, இல்லை நாற்பதுக்கு மேலே போ;
இடைப்பட்ட வேகத்தில் அடிநீர் அலை எழுப்பி
உன்னோடு சேர்ந்து ஓடிவரும்.
எங்கும் நிற்காதே.
கடைசி வரியைச் சிவப்பில் எழுதியிருந்தேன்.

"கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று. சேர்த்து அழுத்து."

படமெல்லாம் போய்விட்டது.
கறுப்பு. அதில் வெள்ளையாய் ஒரு சொல்: பெயர்?
சொன்னேன்.
கடவுச்சொல் அடித்தேன். ஒரு புள்ளிகூட விழவில்லை,
கிணற்றில் கல் போட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது.
சட்டென்று நேற்றைய தேதி, என் பெயர்.
முன்வாசலில் பதினேழு முறை கழுத்தைப் பிடித்துத் தள்ளியது
கொல்லைக் கதவில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹில்யா எழுத்தெழுத்தாய்ச் சொன்னாள்,
நான் ஒரு விரலால் அடித்தேன்.
இடைவெளி. கோடு. இன்னொரு கோடு.
விட்ட இடத்திலிருந்து முடி என்று அதற்கு அர்த்தமாம்.
இருநூற்றுச் சொச்சம் பொட்டலங்கள்
பிரித்தும் பிரிக்காமலும் கிடந்திருக்கின்றன, இரவெல்லாம்.
வரிகள் ஓடத் தொடங்கின.
நடுவே ஒரு கேள்வி கேட்டு நின்றது,
பழையதை வைத்துக்கொள்ளவா, புதியதை எடுக்கவா என்று.
"எதையாவது சொல், நிற்கவிடாதே" என்றாள்.
பழையது என்றேன்.

ஆறு ஐம்பதுக்குத் திரை கண்ணை மூடித் திறந்தது.
என் படகு. நீல வானம். ஜூலை மாதம்.
ரைவோ கண்ணாடி வழியே கட்டைவிரல் காட்டினான்.

அட்டவணையைத் திறந்தேன்.
ஒன்று முதல் முப்பதுவரை எண்கள்:
இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தைந்து.
முப்பத்தொன்றிலிருந்து கட்டங்கள் வெள்ளை.

ஆமாம். சூப்.
மிச்சத்தைக் குறித்த சீட்டு மேசைமேல்தான் கிடந்தது,
காலையில் அடுப்பு மூட்ட
கைக்கு அகப்பட்ட காகிதம் அதுதான்.

ஹில்யாவிடம் சொன்னேன்.
கெட்டதாக ஒன்று சொல்லிவிட்டு,
தன் பக்கமிருந்து ஐம்பத்திரண்டில் தொடங்குவதாகச் சொன்னாள்.
ரைவோவிடம், எட்டு என்பது பத்தாகும்,
ஹீட்டரை அணைத்துவிடாதே என்றேன்.

துளைப்பானைத் தோளில் போட்டு,
நெற்றி விளக்கைப் பொருத்தி,
என் கையெழுத்துப் பலகையைக் கடந்து இறங்குகிறேன்.
எங்கும் நிற்காதே என்கிறது.
பதினோரு இடத்தில் நிற்க வேண்டும் நான்,
பதினொன்றில் அவள்.