மூன்றாம் கேள்வி

இருபத்தேழு விடைத்தாள்கள்.
லிந்துலையில் சனி ஞாயிறு வகுப்பு,
பிள்ளை மடுவங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு.
தேறினால் மாதம் மூவாயிரம் கூடும்.
தேறாவிட்டால் டவுனிலிருந்து யாரோ ஒரு பிள்ளை
நியமனக் கடிதத்தோடு வந்து இறங்கும்.

தாயைப் பிரிந்த குழந்தை அழுதால்
பராமரிப்பாளர் என்ன செய்வார்?
பத்துப் புள்ளி.

பத்தொன்பது தாள்களில் ஒரே வாக்கியம்:
குழந்தையின் உளவியல் தேவைகளை இனங்கண்டு
உரிய தலையீடுகளை மேற்கொள்ளல் வேண்டும்.
ஒருத்தி 'இணங்கண்டு' என்றிருந்தாள்,
ஒருத்தி 'இனிக் கண்டு'.
பிழையில் மட்டும்தான் அவரவர் முகம் தெரிந்தது.

கீழ் வளைவில் பாண் ஓட்டோவின் பாட்டு
ஏறி, இறங்கி, தேய்ந்து போனது.
சிவப்புப் பேனாவை மூடினேன்.
பார்த்தெழுதினால் பூச்சியம், ஓராண்டுத் தடை:
விதி ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.
மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

சந்திரமலரின் தாளில் அந்த வாக்கியம் இல்லை.

"புள்ளைய ஜன்னல்ல தூக்கி வச்சி
அந்தா செகப்பு படங்கு கட்டிக்கிட்டு நிக்கிது பாரு
அதான் ஒங்கம்மான்னு காட்டுவேன்.
அது வேற யாராவதாகூட இருக்கும்.
பத்து மணிக்கு பால் குடுக்க அம்மா வந்துரும்.
அது வரைக்கும் படங்கு போதும்."

விடைத்திட்டத்தில் யன்னல் இல்லை.
'உளவியல் தேவை'க்கு நான்கு,
'தலையீடு'க்கு நான்கு, மொழிநடைக்கு இரண்டு.
திட்டப்படி பார்த்தால்
அவளுக்கு ஒன்று போடுவதற்கே
கடன் வாங்க வேண்டும்.

பாடக்குறிப்பை எடுத்துப் புரட்டினேன்.
பக்கம் பதினாறு. அதே வாக்கியம்,
முற்றுப்புள்ளி வரைக்கும் அதே.
தொகுப்பு என்று என் பெயர்.
கொழும்புப் பயிற்சியில் ஓர் இரவு
பக்கத்துக் கட்டில்காரியின் கொப்பியிலிருந்து
நான் இறக்கிக்கொண்டது.
கீழே அவள் பெயருக்கு இடம் இருந்தது.
போடவில்லை.

ஞாயிறு காலை சொன்னேன்:
மூன்றாம் கேள்வி எல்லோருக்கும் மறுபடி.
எழுத வேண்டாம், ஒவ்வொருவராக வந்து
வாயால் சொல்லுங்கள்.

ரொசலின் எழுந்தாள்.
"பாத்து எழுதல மிஸ், பாடமாக்கி எழுதுனோம்.
பாடமாக்கச் சொன்னது நீங்க.
நிறுவைக்குப் போனா சாக்குக்கு ரெண்டு கிலோ,
ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிப்பாங்க.
இங்க மனப்பாடத்துக்கு பத்தும் கழிப்பீங்களோ?"

பக்கம் பதினாறைப் பற்றிச் சொன்னேன்.
சொல்லி முடியுமுன்னே பின் வாங்கில்
ஒரு சிரிப்புக் கிளம்பி வரிசை வரிசையாக வந்தது.
"அப்ப ஒங்களுக்கும் ஒரு வருசம் தடையா மிஸ்?"
தெரியாது என்றேன்.
வலயத்துக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

பின்னேரம் மூன்று மணி வரை கேட்டேன்.
அழும் பிள்ளையின் வாயில் சீனி தடவுவேன் என்றாள் ஒருத்தி,
உண்மையைத்தான் சொன்னாள், புள்ளி போட முடியவில்லை.
ஒருத்தி தானும் சேர்ந்து அழுதிருக்கிறாளாம்.
ஏழு பேருக்கு வாயாலும் வரவில்லை.
ரொசலின் அவர்களில் ஒருத்தி.
மூன்று என்று போட்டேன், அவளுக்கு முன்னாலேயே.
எட்டிப் பார்த்தாள்.
"சரி, இது நான் பறிச்ச கொழுந்து" என்று
கையெழுத்து வைத்தாள்.

சந்திரமலரிடம் கேட்டேன்:
பிள்ளைக்குப் பொய் சொல்லலாமா?
நெடுநேரம் விரல்களைப் பார்த்தாள்.
"கூடாதுதான். வேற வழி இருந்தா
அதப் படிச்சிக் குடுங்க."
எட்டுப் போட்டேன்.
அந்த இரண்டு இன்னும் என்னிடமே இருக்கிறது.

பக்கம் பதினாறைப் புதிதாக அச்சிட்டேன்.
பழைய வாக்கியத்தின் கீழே கட்டில்காரியின் பெயர்;
யன்னலும் படங்கும் வரும் பத்தியின் கீழே
சந்திரமலர், மேல் டிவிசன்.

வாங்கிப் பார்த்தாள்.
"இனிஷியல விட்டுட்டீங்க மிஸ்" என்று
என் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து
தன் பெயருக்கு முன்னால்
ஒரு 'மு' வைத்தாள், புள்ளியோடு.